கன்னியாகுமரிக் கடற்கரையில் ஆமை: எல்லாரும் கேட்கிற கேள்விகளும் பதில்களும்

தை பிறந்துவிட்டால் தெக்குறிச்சி, ராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் ராத்திரி ஆமைத் தடம் பார்த்து நடக்கிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். அப்போது வழியில் பார்க்கிறவர்கள், மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நிற்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சொத்தவிளைக்குக் காற்று வாங்க வந்த குடும்பங்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன்.

நம்ம கடல்லயும் ஆமை முட்டை போடுதா? அது ஒடிசாவுலதான்னு டிவியில சொன்னாங்களே?

போடுகிறது. ஒடிசாவில் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் சேர்ந்து கரையேறும், பார்க்கவே பிரமிப்பாக இருக்கும், அதனால் டிவியில் அதைக் காட்டுகிறார்கள். நம்மிடம் அப்படிக் கூட்டமாக வராது. இன்றைக்கு ஒன்று, இரண்டு நாள் கழித்து வேறு ஒரு கரையில் ஒன்று என்று தனித்தனியாக ஏறும். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 72 கிலோமீட்டர் இருக்கிறது. அதில் பாறை, துறைமுகம், கல் கட்டு, வீடுகள் எல்லாம் போக மணலாக மிஞ்சுகிற இடங்களில்தான் அது ஏற முடியும். தெக்குறிச்சியில் வனத்துறை முட்டைப் பொரிப்பகம் வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

எண்ணிக்கை குறைவு என்பதால் நம் கடல் ஆமைக்கு முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வங்கக் கடலில் இருந்து அரபிக் கடலுக்குப் போகிற ஆமைக்கு நம் முனைக்குத் தெற்கே இருக்கிற கடலைத் தாண்டாமல் வேறு வழியே கிடையாது. முட்டை போட நம் கரையில் ஏறுவதைவிட நம் கடல் வழியாகப் போவது அதிகம், அந்தப் பயணத்தில் சாவதும் அதிகம். இந்தக் கேள்வி பதில் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

எந்த ஆமைன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

நம் கரையில் முட்டை போடுவது பெரும்பாலும் பங்குனி ஆமை, ஆலிவ் ரிட்லி என்று சொல்கிறார்களே அதுதான். ஓடு இரண்டு இரண்டேகால் அடி நீளம் இருக்கும், பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், எடை 35 முதல் 50 கிலோ. கடல் ஆமைகளில் இது சின்ன வகை. பேராமை இதைவிட ரொம்பப் பெரியது, கடல்புல் மேய்வது, மன்னார் வளைகுடாப் பக்கம் அதிகம். அழுங்காமைக்கு மூக்கு கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். ஏழுவரி ஆமைக்கு ஓடு என்று கடினமாக எதுவும் இல்லை, தோல்தான், முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு ஓடும்.

ஆமையைப் பார்க்காவிட்டாலும் தடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பங்குனி ஆமை ஒரு துடுப்பு, அப்புறம் மறு துடுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு நகரும். அதனால் தடம் இரண்டரை அடி அகலத்தில், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக விழும். பேராமை இரண்டு துடுப்பையும் சேர்த்துப் போட்டுத் தள்ளும், தடம் இரண்டு பக்கமும் ஒரே நேராக இருக்கும்.

எந்த மாசத்துல வரும்? பகல்ல வருமா?

மார்கழிக் கடைசியில் ஆரம்பித்து பங்குனி, சித்திரை வரை. தை, மாசி, பங்குனியில்தான் அதிகம். அந்த நேரத்தில் கடல் இறங்கி, மழைக்காலத்தில் அலை அரித்துக்கொண்டு போன மணல் திரும்பி வந்து, கரை அகலமாக இருக்கும். வருவது பெரும்பாலும் ராத்திரி.

கரையேறிய பிறகு அது செய்கிற வேலையை ஒரு தடவையாவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அலை எட்டாத மேட்டுக்கு வந்து, உடம்பால் மேல் மணலை ஒதுக்கும். அப்புறம் பின்னந் துடுப்புகளை அகப்பை மாதிரி மடக்கி, ஒரு பக்கம் ஒரு அள்ளு, மறுபக்கம் ஒரு அள்ளு என்று ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி ஒரு குழி தோண்டும். வாய் குறுகி, அடி அகன்ற குழி. தலை திரும்பாது, கண் பார்க்காது, எல்லாம் அந்தத் துடுப்பின் தொடு உணர்வுதான். நூறு, நூற்றிருபது முட்டை போட்டதும் மணலைத் தள்ளி மூடிவிட்டு, உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கி அடித்து மணலை இறுக்கும். அமைதியான ராத்திரியில் அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்கும். பிறகு மணலை நாலு பக்கமும் இறைத்து இடத்தைக் கலைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முட்டை போடும்போது வலியில அழுமாமே, நான் பார்த்திருக்கேன், கண்ணுல தண்ணி ஓடுச்சு

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது அழுகை இல்லை. கடல் ஆமை குடிப்பதும் தின்பதும் உப்பு. உடம்பில் சேருகிற அந்த உப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சுரப்பி வழியாகத்தான் வெளியேற்றும். கடலுக்குள்ளும் இது நடந்துகொண்டேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. கரையில் இருக்கும்போது கண்ணில் ஒட்டுகிற மணலையும் அது கழுவிவிடும்.

எங்கேருந்து வருது? பொறந்த கரைக்கே திரும்பி வரும்னு சொல்றது நெசமா?

பெரும்பாலும் நெசம். குஞ்சு மணலில் இருந்து கடலுக்கு இறங்கும்போதே அந்த இடத்தின் காந்தப்புலம் அதன் நினைவில் பதிந்துவிடுகிறது என்றும், பத்துப் பதினைந்து வருடம் கழித்து வளர்ந்த பெண் ஆமை அதை வைத்து அந்தப் பகுதிக்குத் திரும்புகிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பங்குனி ஆமை இந்த விஷயத்தில் பேராமை அளவுக்குக் கறார் கிடையாது. பிறந்த கரை என்பதைவிடப் பிறந்த பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதையும் மீறி நடப்பதுண்டு. 2021-இல் ஒடிசாவில் துடுப்பில் 03233 என்ற எண் போட்ட தகடு மாட்டி விட்ட ஒரு ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் ஏறி முட்டை போட்டது. கிழக்குக் கடற்கரை ஆமையும் மேற்குக் கடற்கரை ஆமையும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை அது யோசிக்க வைத்தது. எதிர்த்திசைக்கும் உதாரணம் உண்டு. 2023-இல் அதே குஹாகரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்ட பாகேஸ்ரீ என்ற ஆமை, மேற்குக் கரையோரமாகவே இறங்கி, நம் முனையைத் தாண்டி, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குப் போனது. இந்த இரண்டு ஆமைகளும் கடந்து போனது சின்னமுட்டம், குளச்சல், தூத்தூர் படகுகள் தொழிலுக்குப் போகிற கடல் பரப்பு.

ராத்திரி கரையில ஆமையைப் பார்த்தா என்ன செய்யணும்?

முதலில் டார்ச்சையும் போன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள். ஆமையின் முகத்துக்கு எதிரே போய் நிற்காதீர்கள், பின்னால் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். குழி தோண்டி முடிக்கும் வரைக்கும் அது ரொம்ப உஷார், ஆள் அசைவு தெரிந்தால் முட்டை போடாமலே திரும்பிவிடும். மேலே உட்கார்ந்து போட்டோ எடுப்பது, குழந்தையைத் தூக்கி ஓட்டின் மேல் வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். நாய் வராமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. அது போன பிறகு இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மாவட்ட வன அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறது. உங்கள் ஊரில் இரவில் நடக்கிற வனத்துறைக் காவலர்களின் நம்பரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நாயும் நரியும் தோண்டித் தின்னிரும்ல, நானே முட்டையை எடுத்து வீட்டுல மணல்ல பத்திரமா வச்சா என்ன?

நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். முட்டை போட்ட சில மணி நேரத்திலேயே உள்ளே கரு மேல் பக்கமாக ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால், புரட்டினால் ஒட்டு விட்டுக் கரு செத்துப்போகும், வெளியே பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும். பொரிப்பகத்துக்கு எடுப்பவர்கள் அதற்காகத்தான் அன்று ராத்திரியே, மேல் பக்கம் மேலாகவே வைத்து, குலுங்காமல் கொண்டுபோய், ஆமை தோண்டிய அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி போட்டு வைக்கிறார்கள்.

இன்னொரு காரணம் சூடு. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம். 29, 30 டிகிரி அளவில் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போனால் பெண், குறைந்தால் ஆண், ரொம்பச் சூடானால் குஞ்சே வராது. நம் கரைகளில் சில இடத்தில் கறுப்பு மணல் வேறு, வெயிலை இழுத்துக்கொள்ளும். அதனால் பொரிப்பகத்துக்கு மேலே கீற்றோ நிழல் வலையோ போடுவது தேவையான வேலை. இதெல்லாம் போக, முட்டையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

குஞ்சுகளைக் கொஞ்ச நாள் தொட்டியில வளர்த்து, பெருசானதும் விட்டா பொழைச்சுக்காதா?

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 45 முதல் 60 நாளில் பொரித்து மேலே வருகிற குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தத் தெம்பில் முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி, மீன்கள் அதிகமாக இருக்கிற கரையோரக் கடலைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும். தொட்டியில் போட்டால் அந்தத் தெம்பை தொட்டியின் சுவரில் முட்டி முட்டியே தீர்த்துவிடும். பிறகு கடலில் விட்டாலும் ஓட்டம் இருக்காது.

விழா வைத்து, வி.ஐ.பி. வருகிற வரை குஞ்சுகளைக் கூடையில் காக்க வைப்பதும் இதே தப்புதான். வெயில் ஏறிய பிறகு விட்டால் காக்கையும் பருந்தும் காத்திருக்கும். அந்தியிலோ விடியலுக்கு முன்போ, தண்ணீரில் போடாமல் மணலில் கொஞ்சம் தள்ளி விட்டு, அதுவாக நடந்து போக விட வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டுவது நல்ல விஷயம், நான் எதிர்க்கவில்லை. குஞ்சு வந்த நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், பிள்ளைகள் வருகிற நேரத்துக்குக் குஞ்சை நிறுத்தி வைக்காதீர்கள்.

கடற்கரையில ஹைமாஸ் லைட் போட்டது ஆமைக்குக் கெடுதல்னு சொல்றீங்க, அப்ப இருட்டுல நாங்க வலை எப்படி இழுக்க?

குஞ்சு மணலை விட்டு வந்ததும் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்து ஓடும். விளக்கு இல்லாத கரையில் அது கடல். ஹைமாஸ் இருக்கிற கரையில் அது ரோடு. காலையில் ரோட்டில் நசுங்கியும், சவுக்குத் தோப்பில் காய்ந்தும் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வள்ளம் இறங்குகிற இடத்தில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆமை ஏறுகிற மணல் பக்கம் விளக்கைக் கடலைப் பார்த்துத் திருப்பாமல் கீழ்நோக்கி மறைப்பு வைத்துப் போடலாம், தையிலிருந்து சித்திரை வரை ஆள் இல்லாத நேரத்தில் அணைத்து வைக்கலாம். கடலோரத்தில் ரிசார்ட் வைத்திருப்பவர்களைத்தான் நான் இன்னும் அழுத்திக் கேட்பேன். அவர்கள் போடுகிற அலங்கார விளக்கால் யாருடைய தொழிலும் நடக்கவில்லை.

வலையில ஆமை கெடந்தா என்ன செய்ய? பாரஸ்ட்காரங்க கேஸ் போட்ருவாங்கன்னு பயமா இருக்கு

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியம், கேட்கிற அண்ணன்மார் எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதும் இதைத்தான். கடல் ஆமைகள் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. வேட்டையாடினால், கறி, முட்டை, ஓடு விற்றால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை உண்டு. தானாகச் சிக்கியதை உயிரோடு கடலில் விடுவது வேட்டை இல்லை. பயந்துகொண்டு செத்த ஆமையைக் கல் கட்டி இறக்குவதைவிட, உயிர் இருக்கும்போதே விடுவதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட வேண்டும். வலைக்குள் திமிறும்போது மூச்சு சீக்கிரம் தீரும். மேலே இழுக்கும்போது அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பல நேரம் மயக்கம்தான். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு மேலே தூக்கி ஏதாவது முட்டுக் கொடுங்கள், நுரையீரலில் போன தண்ணீர் வடியும். நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போடுங்கள், மூக்கை மூடிவிடாமல். மல்லாத்திப் போடக் கூடாது, நெஞ்சில் மிதிக்கக் கூடாது. குறைந்தது நான்கு மணி நேரம் பார்க்க வேண்டும், ஒரு நாள் வரைக்கும்கூட எடுக்கும். தெளிந்ததும் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்குங்கள்.

தூண்டிலில் மாட்டியிருந்தால், தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், கயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள். முள் வெளியே தெரிந்தால் எடுக்கலாம். விழுங்கியிருந்தால் இழுக்காமல், எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய்க் கயிற்றை வெட்டிவிடுங்கள்.

வலையை வெட்டினா நஷ்டம் யார் குடுப்பா?

நியாயமான கேள்வி. மகாராஷ்டிராவில் ஆமை மாதிரி பாதுகாக்கப்பட்ட உயிர்களை விடுவிக்க வலையை வெட்டுகிற மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள், ஆதாரமாகப் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். நம் பக்கத்திலும் மீனவர் கைக்கு எளிதாக எட்டுகிற மாதிரி இப்படி ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. பத்துப் பேர் சேர்ந்து போகிற தொழிலில் நஷ்டத்தை மட்டும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு ஆமையைக் காப்பாற்றச் சொல்வது சரியில்லை.

இழுவை மடியில மாட்டுற அந்தக் கம்பிக்கூடு வச்சா மீனெல்லாம் வெளிய போயிரும்ல?

கொஞ்சம் போகும், எல்லாம் போகாது. ஆமை விலக்குக் கருவி என்கிற அது, மடிக்குள், அதாவது விசைப்படகு இழுக்கிற பை வலைக்குள், சாய்வாக வைக்கிற ஒரு கம்பித் தட்டி, மேலே ஒரு வாசல். இறாலும் சின்ன மீனும் கம்பிகளுக்கு இடையில் நுழைந்து மடியின் அடிக்குப் போகும். ஆமை கம்பியில் முட்டி வாசல் வழியாக வெளியேறும். நம் மடிகளுக்கு ஏற்ற மாதிரி கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றை வடிவமைத்திருக்கிறது. பெரிய மீன் சிலது ஆமையோடு போவது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆமை தப்பிக்க வழி வைக்காத நாடுகளின் கடல் இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இலேயே சட்டம் போட்டது, 2019-இல் இருந்து இந்தியக் கடல் இறாலுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. விலை விழுந்ததை நம் துறைமுகங்களில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதான் மீன்பிடித் தடைக்காலம் இருக்கே, அப்ப ஆமை பொழைச்சுக்காதா?

அந்தத் தடை மீன் குஞ்சு பொரிக்கிறதுக்காக. நம் மாவட்டத்தில் இரண்டு தடை இருப்பது தெரியும்தானே: கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆமை வருவது தையில் இருந்து சித்திரை வரை என்று மேலே சொன்னேன். அப்படியானால் கிழக்கே கடைசி மாதமான சித்திரை மட்டும் பொருந்துகிறது, மேற்கே ஒரு நாள்கூடப் பொருந்தவில்லை.

ஆமைக்கு உதவுவது வேறு விதி. விசைப்படகு கரையில் இருந்து ஐந்து கடல் மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது என்பது. முட்டை போட வருகிற ஆமைகள் கரைக்கு ஏறுவதற்கு முன்பும் இடையிலும் வாரக்கணக்கில் அந்தக் கரையோரக் கடலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேலே ஆமைகள் செத்து ஒதுங்கியது அங்கே நடந்த இழுவலைத் தொழிலால்தான் என்று பேச்சு வந்தது. ஐந்து மைல் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆமைக்கும் நல்லது, கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிற சின்னத் தொழிலாளிக்கும் நல்லது. அவர்களுடைய வலையைக் கிழிப்பதும் அதே விசைப்படகுகள்தானே.

ஆமைக்காகக் கல் போடக் கூடாதுன்னு சொல்றீங்களா? ஆடி மாசம் வந்தா எங்க வீட்டுக்குள்ள கடல் வருது

சொல்ல மாட்டேன். வீடு போகிற இடத்தில் வீட்டைக் காப்பாற்றத்தான் வேண்டும். கல் கட்டின கரையில் ஆமை ஏற முடியாது, ஏறினால் கல் இடுக்கில் மாட்டும், அது உண்மைதான். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஊரில் கடலுக்குள் நீட்டின தூண்டில் வளைவு என்கிற கல் சுவர் ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும், மறுபக்கத்து ஊரை அரிக்கும். அடுத்த வருடம் அந்த ஊர்க்காரர்களும் கல் கேட்பார்கள். இப்படியே ஊர் ஊராகப் போகிறது.

வீடே இல்லாத மணல் கரைகளிலாவது கல் போடாமல், மணல் அள்ளாமல் விட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். சவுக்கைத் தண்ணீர் வரைக்கும் நெருக்கி நடுவதும் வேண்டாம், வேர் இருந்தால் ஆமைக்குக் குழி தோண்ட முடியாது. அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் தானாகப் படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்ளும், அவற்றைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

ஆமை ரத்தம் மூலத்துக்கு நல்லது, கறி உடம்புக்குக் குளிர்ச்சின்னு பெரியவங்க சொல்றாங்களே?

தென்கரை ஊர்களில் ஒரு காலத்தில் இந்தப் பழக்கம் இருந்தது, பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூலத்தை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கறியில் சில சமயம் நஞ்சு இருக்கும், அழுங்காமையில் குறிப்பாக. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. ஆமைக் கறி சாப்பிட்டுக் குடும்பத்தோடு செத்தவர்கள் உண்டு. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் ஏறும்.

செத்து ஒதுங்கின ஆமையை நாங்களே பொதைச்சிரலாமா?

நாற்றம் தாங்காது என்பது தெரியும், ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். இடம், தேதி எழுதி, மேலிருந்து ஒன்று, முகத்தை ஒன்று என்று போட்டோ எடுத்து வனத்துறைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வந்த பிறகு புதைக்கலாம். கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தால் பெரும்பாலும் வலைக்குள் மூச்சுமுட்டிச் செத்தது. ஓடு பிளந்திருந்தால் படகு விசிறி. துடுப்பில் தகடு இருந்தால் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன 03233 கதை தெரிந்தது அப்படி ஒருவர் எண்ணைப் பார்த்ததால்தான். பார்த்துவிட்ட ஆமை மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அலை இழுத்து அடுத்த ஊரில் ஒதுக்கினாலும் இரண்டாவது தடவை எண்ண மாட்டார்கள்.

இத்தனை வருசமா முட்டையெல்லாம் பொரிக்க வச்சு விடுறீங்க, அப்பறம் ஏன் இன்னும் ஆமை குறையுதுன்னு சொல்றீங்க?

ஆயிரம் குஞ்சு இறங்கினால் ஒன்றுதான் வளர்ந்து முட்டை போட வரும் என்பது பொதுவான கணக்கு. அந்த ஒன்று வளர்ந்து வரப் பத்துப் பதினைந்து வருடம். அப்படி வந்த ஒரு பெண் ஆமை ஒரு மடியில் செத்தால், பத்துக் கூட்டில் எடுத்துப் பொரித்த குஞ்சுகளின் பலன் ஒரே நாளில் போய்விடுகிறது. அது உயிரோடு இருந்தால் வருடக்கணக்கில் முட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

பொரிப்பகம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாய்த் தொல்லையும் விளக்கும் இருக்கிற நம் கரைகளில் அது இல்லாவிட்டால் பல கூடுகளில் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் இந்த வருடம் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம் என்பதை மட்டும் எண்ணினால் போதாது, எத்தனை பெரிய ஆமை செத்து ஒதுங்கியது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதை எழுத ஒவ்வொரு துறையிலும் இரண்டு பேர் வேண்டும், காலையில் வள்ளம் தள்ளும்போது ஒரு பார்வை பார்த்துச் சொன்னால் போதும். சேர விருப்பம் இருக்கிற மாணவர்கள் மார்கழியிலேயே வனத்துறையில் பெயர் கொடுத்துவிடுங்கள். தனியாக ராத்திரிக் கரைக்குப் போக வேண்டாம், கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.